காப்பாற்றப்பட்டவர் எண் ஒன்று

வந்திருந்தவர்கள்:

1. திரு. திருமுருகன், துணை ஆணையர். குழுத் தலைவர்.
2. திரு. எபினேசர், கண்காணிப்பாளர். குழுச் செயலர்.
3. திருமதி ஃப்ளோரா, நலப் பிரிவு உதவியாளர். உறுப்பினர். கூட்டக் குறிப்பு எழுதுபவரும் இவரே.
4. ஆங்கிலேய உறுப்பினர். பதவி 1947 ஆகஸ்டு முதல் காலி. நாற்காலி போடப்பட்டது. தேநீர் வைக்கப்பட்டது.
5. சுடலைராஜ், வாயில் காவலர். கதவருகே.
6. கெங்கம்மா, காலடிப்பேட்டை. கடன் கொடுத்தோர் தரப்பு. இடையில் வந்து சேர்ந்தார்.
7. அமீருதீன், அலுவலக உதவியாளர். கடன்பட்டோர் தரப்பு. நின்றார்.

ராயபுரத்தில் துறைமுகச் சுவரை ஒட்டி நிற்கும் பண்டகசாலை ஆணையரகத்தில் இப்படி ஒரு பட்டியல் மாதந்தோறும் எழுதப்படுகிறது. சம்பள நாளன்று, பிற்பகல் இரண்டு மணிக்கு. தொண்ணூறு வருடமாக அதில் ஐந்து வரிதான். ஆறாவது, ஏழாவது வரிகளில் ஒரு கோடு இழுத்து "இல்லை" என்று எழுதிவிடுவார்கள். இந்த மாதம் கோடு இழுக்க முடியவில்லை.

1934-இல் அந்த அலுவலகத்தை ஆண்ட துரை ஒருவர், சம்பள நாளில் மாடியிலிருந்து வாசலைப் பார்த்தார். தலைப்பாகையும் தாடியுமாய்த் தடியோடு நின்ற வட்டிக்காரர்கள் அலுவலகப் பியூன்களைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். கிழிந்த சட்டைகள் அரசாங்கம் கொடுத்தவை. துரைக்கு வருத்தமாகிவிட்டது. அன்று சாயங்காலமே உட்கார்ந்து குறைந்த ஊதியப் பணியாளர் கடன் பாதுகாப்பு விதிகள் என்று இருபத்திரண்டு விதிகள் எழுதினார். துரை போய்விட்டார். தடிக்காரர்கள் போய்விட்டார்கள். விதிகள் இருக்கின்றன.

மூன்றாவது விதிப்படி, சம்பள நாள் காலையில் எல்லாக் கடைநிலைப் பணியாளர்களும் ஒரு பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டம். இடது கட்டம்: எனக்குக் கடன் இல்லை. வலது கட்டம்: எனக்குக் கடன் உண்டு. கடைநிலையில் இப்போது அறுபத்தொரு பேர். அறுபத்தொரு பேரும் இடது கட்டத்தில்தான் போடுவார்கள். அவர்களில் பெரும்பாலோருடைய ஏடிஎம் கார்டு, வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கெங்கம்மாவின் பிஸ்கட் டப்பாவில் அடகாக இருக்கும். ஆனால் வலது கட்டத்தில் கையெழுத்துப் போட்டால் பாதுகாப்பு கிடைக்கும் என்பதோடு, அரசு ஊழியர் கடன்படுவது ஒழுங்கீனம் என்பதால் பதினேழு-பி குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் கிடைக்கும். பாதுகாப்பு எப்படியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பதினேழு-பி எப்படியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போய்க் கையெழுத்து வாங்குவது அமீருதீனின் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறார். கடைசியாகத் தன் கையெழுத்தைப் போடுவார். அன்று காலை தபால் பிரிவு மேசையில் பதிவேட்டை விரித்தபோது மகள் உமைமாவிடமிருந்து போன் வந்தது.

"வாப்பா, நாலு மணிக்கு கவுண்டர மூடிடுவாங்களாம். இன்னிக்குக் கட்டலைன்னா ஹால் டிக்கெட் இல்லைன்னு எழுதி ஒட்டிட்டாங்க."

"மூணேமுக்காலுக்குள்ள வந்துடுவேம்மா. நீ கவுண்டராண்டயே நில்லு."

தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு பேசினார். அவர் பெயருக்கு எதிரே இடது கட்டத்தின் மேல் யாரோ டீ கிளாஸை வைத்திருந்தார்கள். பக்கத்தில் வெள்ளையாக இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். பதிவேட்டை மூடி எபினேசர் மேசையில் வைத்துவிட்டு, சம்பளம் ஏறிவிட்டதா என்று நாலு பேரிடம் விசாரிக்கப் போனார்.

விசாரிக்கத்தான் முடியும். அவருடைய கணக்கில் பதிவான போன் நம்பர் கெங்கம்மாவுடையது. குறுஞ்செய்தி அவளுக்குப் போகும். மனைவி மரியமுக்குப் பித்தப்பை ஆபரேஷன் செய்தபோது வாங்கிய ஒன்றரை லட்சத்துக்கு மாதம் பதினைந்தாயிரம் வட்டி. சங்கப் பிடித்தமெல்லாம் போக ஏறுவது இருபத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு. கெங்கம்மா அதை எடுத்து, பதினைந்தைக் கழித்துக்கொண்டு, மீதியை ரப்பர் பேண்டு போட்டுத் தருவாள். மூன்று வருடமாக இதுதான் நடைமுறை. முந்தாநாள் அவரும் மரியமும் காலடிப்பேட்டைக்குப் போய் அவள் வீட்டு வாசலில் நின்றார்கள். உமைமாவின் நர்சிங் இரண்டாம் வருடத்துக்குப் பதினெட்டாயிரத்து நானூறு. கெங்கம்மா பாக்கு மென்றுகொண்டு கேட்டாள். கடைசியில் சொன்னாள்:

"சரி பாய். இந்த ஒரு மாசம் கார்ட உன் கைல குடுக்குறேன். மூணு மணிக்கு கேட்டாண்ட வா. மூணேகால் வரைக்கும் இருப்பேன். அதுக்கு மேல எனக்கு எண்ணூர்ல வசூல் கீது. நீ வரலைன்னா நானே எடுத்துகினு பூடுவேன். அப்பால என்னைக் கேக்காத."

மூன்று மணிக்கு கேட். கல்மண்டபத்தில் ஏடிஎம். அங்கிருந்து தண்டையார்பேட்டை காலேஜுக்குப் பதினைந்து நிமிடம், கன்டெய்னர் லாரிகள் வழி விட்டால் இருபது. இதைக் காலையிலிருந்து முப்பது தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தார்.

இரண்டு மணிக்கு டீத் தட்டோடு கூட்ட அறைக்குள் போனார். வழக்கம்போல முதல் கிளாஸைத் துரை நாற்காலிக்கு முன்னால் வைத்தார். கூட்டம் முடிந்ததும் ஆறிப்போன அந்த டீயைக் குடிப்பது பத்தொன்பது வருடமாக அவருடைய உரிமை. மற்றக் கிளாஸ்களை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"பாய், போயிராதீரும்," என்றார் எபினேசர். "அங்ஙன நில்லும்."

"எதுக்கு சார்?"

"உம்மைக் காப்பாத்தப் போறோம்."

அந்த அலுவலகத்தில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. அமீருதீன் காலித் தட்டை, அதிலிருந்த தன் போனோடு, மேசை ஓரத்தில் வைத்தார்.

எபினேசர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். வலது கட்டத்தில், தொண்ணூறு வருடமாக வெள்ளையாக ஓடிவந்த அந்த நீளப் பத்தியில், ஒரே ஒரு கையெழுத்து. அழகான கையெழுத்து. போன் பேசிக்கொண்டு போட்டதுபோல இல்லை.

"சார், கட்டம் மாறிப்போச்சு சார். டீ கிளாஸு இருந்திச்சு."

"அடித்தல் திருத்தல் கூடாதுன்னு மேல அச்சடிச்சிருக்கு. வாசியும்."

"தப்பா போட்டுட்டேன் சார்."

"அப்ப உமக்குக் கடன் இல்லையா?"

அமீருதீன் வாசல் பக்கம் பார்த்தார். எபினேசர் குரலைத் தாழ்த்தினார்.

"யோசிச்சுச் சொல்லும். இல்லைன்னீர்னா, அரசுப் பதிவேட்டுல பொய்க் கையெழுத்து. அது பதினேழு-பி. உண்டுன்னீர்னா கடன்பட்ட ஒழுங்கீனம். அதுவும் பதினேழு-பிதான். ஆனா ரெண்டாவதுல கூடவே பாதுகாப்பும் வருது. எனக்கென்னமோ ரெண்டாவதுதான் லாபம்னு படுது."

அமீருதீன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பத்து. "உண்டு சார்," என்றார்.

துணை ஆணையர் திருமுருகன் எழுந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பணியாளர் அமீருதீன் அவர்களே. வருகிற மார்ச்சோடு இந்தக் குழுவைக் கலைத்துவிடலாம் என்று மேலிடத்திலிருந்து எழுதியிருந்தார்கள். ஒருவரைக்கூடக் காப்பாற்றாத குழு எதற்கு என்று கேட்டார்கள். காப்பாற்ற வேண்டிய நிலைக்கு எவரையும் வரவிடாததே எங்கள் சாதனை என்று பதில் எழுதினேன். அவர்கள் ஏற்கவில்லை. நான் மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இன்று நீங்கள் வந்தீர்கள். நீங்கள் கடன் வாங்கிய நேரம் நல்ல நேரம்."

ஃப்ளோரா ஒரு பொன்னாடையை எடுத்து நீட்டினார். போன மாதம் ஓய்வு பெற்ற ஒருவர் வாங்க வராமல் போனதில் மிஞ்சியது. திருமுருகன் அதை அமீருதீனின் தோளில் போர்த்தினார். சுடலைராஜ் போனில் படம் எடுத்தான். படத்தில் அமீருதீன் கைதியைப்போல இருந்ததால் இன்னொரு தடவை எடுக்கச் சொன்னார்கள். அதிலும் அப்படித்தான் இருந்தார்.

"சார், மூணு மணிக்கு நான் வெளில போகணும் சார். பொண்ணுக்கு பீஸு."

"கல்விக் கட்டணம் கடன் ஆகாது," என்றார் திருமுருகன். "அதனால் அது இந்தக் குழுவின் வரம்புக்குள் வராது. முதலில் தகுதியைப் பார்ப்போம்."

தகுதியில்தான் சிக்கல் வந்தது. விதிப்படி நாற்பது ரூபாய்க்குக் கீழே ஊதியம் வாங்குபவரைத்தான் காப்பாற்ற முடியும். பொன்னாடையைத் திரும்ப வாங்குவதற்கு வழிமுறை உண்டா என்று ஃப்ளோரா கேட்டார். அமீருதீனுக்கு மூச்சு வந்தது.

எபினேசர் கால்குலேட்டரை எடுத்தார். "மாச ஊதியம்னு விதியில இல்லை சார். ஊதியம்னுதான் இருக்கு. பாய், எல்லாப் பிடித்தமும் வட்டியும் போக உம்ம கைக்கு என்னவே வருது?"

"ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்திரெண்டு சார்."

"இருபத்திரெண்டு நாளு. நாளைக்கு எட்டு மணி நேரம்." பொத்தான்களை அழுத்தினார். "மணிக்கு முப்பத்தொம்பது ரூவா அம்பது காசு. தகுதி உண்டு சார்."

அறையில் கை தட்டினார்கள். திருமுருகன் மறுபடி எழுந்தார். "ஊதியத்தை உயர்த்தினால் கடன் தானாகக் குறையும் என்று ஊழியர் சங்கத்தார் மனுக் கொடுக்கிறார்கள். நன்றாகக் கவனியுங்கள். மணிக்கு ஐம்பது காசு கூட்டியிருந்தால் இவர் நாற்பது ரூபாயைத் தொட்டிருப்பார். இந்தப் பாதுகாப்பை இழந்திருப்பார். குறைந்த ஊதியக்காரரைக் கைவிட எனக்கு மனம் வராது. அதனால்தான் அந்த மனுக்களை நான் மேலே அனுப்புவதில்லை."

இரண்டு இருபத்தைந்து.

அடுத்த விதி, கடன் கொடுத்தவரை அடையாளம் காண்பது. அமீருதீன் பெயர் சொல்ல மறுத்தார். பெயர் சொன்னால் அவள் கார்டைத் தரமாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

"வாசலில் யாராவது நிற்கிறார்களா?" என்று திருமுருகன் கதவுப் பக்கம் கேட்டார்.

சுடலைராஜ் விறைப்பாக நின்றான். "கெங்கம்மாக்காதான் சார் டீக்கடையில ஒக்காந்துகினு கீறாங்க. மத்தபடி எனக்கு அவங்களத் தெரியாது சார்."

அழைத்து வரச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் கெங்கம்மா வந்தாள். ஐம்பது வயசு. வெளிறிய பச்சைப் புடவை, இடுப்பில் சுருக்குப் பை, கக்கத்தில் பிஸ்கட் டப்பா. அவள் வாசற்படியில் கால் வைத்ததும் சுடலைராஜ் சல்யூட் அடித்துவிட்டான். எபினேசர் பாதி எழுந்து, எதையோ எடுக்க எழுந்ததுபோலப் பக்கத்து நாற்காலியைத் தள்ளி வைத்து, உட்கார்ந்தார். அமீருதீனுக்கு யாரும் நாற்காலி தள்ளி வைக்கவில்லை.

கெங்கம்மா அறையைப் பார்த்தாள். பொன்னாடையில் நின்ற அமீருதீனைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

"இன்னா பாய், கந்துவட்டி கேஸ் குட்த்துட்டியா?"

"இல்லக்கா. நான் ஒண்ணும் சொல்லலக்கா."

"சார், நான் யாரையும் மெரட்டுனதில்ல சார். கைமாத்தா குட்த்தது. மனுசன் கஷ்டம்னு வந்து நின்னான், குட்த்தேன்."

"பயப்படாதீர்கள்," என்றார் திருமுருகன். "உங்களுக்கும் இந்த விதிகளில் இடமுண்டு. படிவத்தை நிரப்புவோம்."

படிவம் துரை காலத்து அச்சு. எபினேசர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"பேரு கெங்கம்மா. தலைப்பாகை நிறம்?"

"இன்னாது?"

"இல்லைன்னு போட்டுக்கிடுதேன். தடியின் நீளம்?"

"தடியெல்லாம் இல்ல சார். போன்தான் கீது."

"போன் நீளம் ஆறு அங்குலம். தாடி உண்டா?"

கெங்கம்மா தாடையைத் தொட்டுப் பார்த்தாள். அந்த அறையில் அவளும் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைக்க ஆரம்பித்திருந்தாள். "இப்ப இல்ல சார்," என்றாள். எபினேசர் "தற்போது இல்லை" என்று எழுதினார்.

"அடகுப் பொருள்?"

அவள் அமீருதீனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வேறு வழியில்லாமல் பிஸ்கட் டப்பாவை மேசையில் வைத்துத் திறந்தாள். உள்ளே ஏடிஎம் கார்டுகள், சீட்டுக் கட்டைப்போல அடுக்கி. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, பெயரும் ரகசிய எண்ணும் பேனாவால் எழுதியிருந்தது. அமீருதீனுடையதைத் தேடி அவள் விரலால் தள்ளிக்கொண்டே போனபோது "எபினேசர் சார்" என்று எழுதிய பிளாஸ்திரி ஒரு வினாடி மேலே வந்து கீழே போனது. எபினேசர் மேசையில் இல்லாத ஒரு கோப்பைத் தேடினார். ஃப்ளோரா குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். திருமுருகன் எதையும் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பதில் அவருக்கு இருபத்தாறு வருட அனுபவம்.

கார்டு கிடைத்தது. கெங்கம்மா அதை எடுத்து மேசை விளிம்பில், அமீருதீனுக்கு எட்டும் தூரத்தில் வைத்தாள்.

"சார், இந்தாள் பொண்ணு பீஸு கட்டணும். நாலு மணிக்கு மூடிருவாங்களாம். நானே மூணு மணிக்கு கார்டு தரேன்னு சொல்லிக்கீறேன். இப்பவே குட்த்துர்றேன். எட்த்துகினு போவட்டும். வட்டிகூட அடுத்த மாசம் வாங்கிக்கிறேன். என்னை வுட்ருங்க."

அமீருதீன் கையை நீட்டினார். விரல் கார்டில் பட்டது.

"தொடாதீர்கள்," என்றார் திருமுருகன்.

அவர் சத்தம் போடவில்லை. விதிப் புத்தகத்தைப் புரட்டி ஒன்பதாவது விதியை வாசித்தார். சம்பள நாளன்று கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் அலுவலக எல்லைக்குள் எதையும் கைமாற்றிக்கொள்ளக் கூடாது. மீறினால் இருவருமே குற்றவாளிகள்.

"அக்கா என் கார்டைத்தான் சார் எனக்குத் தராங்க."

"துரைக்கு அது தெரியாமலிருக்குமா? கடன் கொடுத்தவர் இரக்கம் காட்டும்போதுதான் பணியாளர் மேலும் கடனில் விழுகிறார் என்று அடிக்குறிப்பே எழுதியிருக்கிறார். உங்களை இந்த அம்மாளின் இரக்கத்திலிருந்தும் நாங்கள் காப்பாற்ற வேண்டும்."

"அப்ப இந்த கார்ட இன்னா பண்றது?" என்று கெங்கம்மா கேட்டாள்.

பதினோராவது விதியில் பதில் இருந்தது. அடகுப் பொருளைக் கடன்பட்டவரிடமும் கொடுக்கக் கூடாது, அலுவலகத்திலும் வைக்கக் கூடாது. அலுவலகத்தில் வைத்தால் பொருளுக்கு அரசு பொறுப்பாகிவிடும். துறையைச் சேராத, நம்பிக்கையான, வெளியாள் ஒருவரிடம் பாதுகாப்பாக ஒப்படைக்க வேண்டும். திருமுருகன் அறையைச் சுற்றிப் பார்த்தார். தன்னைத் தவிர்த்தார், எபினேசரை, ஃப்ளோராவை, சுடலைராஜை, அமீருதீனைத் தவிர்த்தார். துரை நாற்காலியில் கொஞ்ச நேரம் கண் நின்றது. துரையும் துறையைச் சேர்ந்தவர்தான். மிச்சம் ஒருவர்தான் இருந்தார்.

"இந்த டப்பாவில் எத்தனை வருடமாக வைத்திருக்கிறீர்கள் அம்மா?"

"மூணு வருசம் சார்."

"ஒன்றாவது தொலைந்ததா?"

"எங்கிட்ட தொலையாது சார்."

"நம்பிக்கையானவர் என்று பதிவு செய்யுங்கள்."

ஃப்ளோரா ஆணையைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். மேற்படி அடகுப் பொருளைக் காலடிப்பேட்டை திருமதி கெங்கம்மா அவர்கள் இவ்வாணையின்படி பாதுகாத்து வர வேண்டும் என்றும், குழுவின் எழுத்து மூலமான அனுமதியின்றி கடன்பட்டவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ அதைக் கொடுக்கலாகாது என்றும் அதில் இருந்தது. திருமுருகன் கையெழுத்திட்டார். எபினேசர் வட்ட முத்திரை குத்தினார். நகல் ஒன்று பாதுகாக்கப்பட்டவருக்கு, நகல் ஒன்று அவர்மேல் பதினேழு-பி நடவடிக்கை எடுக்கும் பொருட்டு ஒழுங்குப் பிரிவுக்கு.

கெங்கம்மா தாளை வாங்கி இரண்டு தடவை மெதுவாகப் படித்தாள். முத்திரையைத் தடவிப் பார்த்தாள். மை விரலில் ஒட்டியது. உள்ளே வந்தபோது குறுகியிருந்த தோள் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. மூன்று வருடமாக அந்த டப்பாவைக் கக்கத்தில் இடுக்கி, போலீஸ் ஜீப்பைக் கண்டால் சந்துக்குள் ஒதுங்கி நடந்தவள். இப்போது எபினேசர் தள்ளி வைத்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சார், இந்த மாரி ஆர்டரு மத்தவங்களுக்கும் போட்டுத் தருவீங்களா?"

"முறைப்படி வலது கட்டத்தில் கையெழுத்துப் போட்டு வந்தால் கட்டாயம் தருவோம்," என்றார் திருமுருகன். "இது நலத்திட்டம். எல்லோரும் பயன்பெறலாம்."

கதவருகே சுடலைராஜ் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான்.

"அக்கா," என்றார் அமீருதீன். "மூணு மணி ஆவப்போவுதுக்கா."

கெங்கம்மா கார்டை மேசை விளிம்பிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள். "நான் இன்னா பண்ணட்டும் பாய்? ஆர்டர் கீது. மீறக் கூடாது." அவள் குரல் மாறியிருந்தது. அதில் இப்போது அலுவலகத்தின் சாயல் இருந்தது.

மேசையில் அமீருதீனின் போன் அதிர்ந்தது. உமைமா. அவர் எடுக்கப் போனபோது எபினேசர் அதன்மேல் கோப்பு ஒன்றை வைத்தார். "பாதுகாப்பு தொடங்கினப்புறம் வெளியாள்கூடப் பேச்சு கூடாது பாய். பதிமூணாவது விதி." கோப்புக்கு அடியில் போன் கொஞ்ச நேரம் நகர்ந்துகொண்டேயிருந்தது. பிறகு நின்றது.

பித்தளை வில்லையை எடுத்து வந்தார்கள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் துலக்கி, சந்தனம் வைத்து, மறுபடி பெட்டியில் வைக்கிற வில்லை. துலக்குவது அமீருதீன்தான். "காப்பாற்றப்பட்டவர் எண் 1" என்று அதில் இருந்தது. பொன்னாடைக்கு மேலே குத்தினார்கள். ஊசி சட்டையையும் தாண்டிக் கொஞ்சம் உள்ளே இறங்கியது.

காப்பாற்றப்பட்டவரை அடுத்து வைக்க வேண்டிய காப்பறை, கட்டடத்தின் பின்கோடியில் இருந்தது. ஊர்வலமாகப் போனார்கள். முன்னால் திருமுருகன் விதிப் புத்தகத்தோடு, பின்னால் எபினேசர், ஃப்ளோரா, நடுவில் அமீருதீன், அவருக்குப் பின்னால் சுடலைராஜ், கடைசியில் டப்பாவோடு கெங்கம்மா. வழியில் பிரிவுகளின் வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். காலையில் அவரிடம் இடது கட்டத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் டப்பாவைப் பார்த்தார்கள். ஒருவர் கெங்கம்மாவுக்கு வணக்கம் வைத்தார். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"அந்தக் காலத்தில்," என்று திருமுருகன் நடந்துகொண்டே விளக்கினார், "வட்டிக்காரர்கள் வாசலில் காத்திருக்கும்போது பணியாளரை இந்த அறையில் பூட்டி வைப்பார்கள். அவர்கள் சலித்துப் போனதும் பின்கதவு வழியாகக் கடற்கரைக்கு விட்டுவிடுவார்கள். எவ்வளவு மனிதாபிமானம்."

"பின்கதவு கீதா சார்?" என்று அமீருதீன் கேட்டார்.

"1988-இல் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. அந்தப் பக்கம் இப்போது கன்டெய்னர் யார்டு."

அறை எட்டடிக்குப் பத்தடி. ஒரு மர பெஞ்சு. உயரத்தில் கம்பி போட்ட ஜன்னல். அடைத்த கதவின் செங்கல்களில் உப்புப் பூத்திருந்தது. எங்கோ கிரேன் ஒன்று பின்வாங்கும்போது அடிக்கும் மணி கேட்டது. அமீருதீன் வாசலில் நின்றார். உள்ளே போகவில்லை.

"எத்தினி நேரம் சார்?"

"பதினாலாவது விதி," என்று எபினேசர் வாசித்தார். "கடன் கொடுத்தவர் அலுவலக எல்லையை விட்டு நீங்கினார் என உறுதியான பின்னரே திறக்கப்பட வேண்டும். கவலைப்படாதீரும். அந்தம்மா இப்பப் போயிரும்."

"பதினைந்து," என்றார் திருமுருகன். "சாவி. துறைப் பணியாளரிடம் சாவி இருக்கலாகாது. அவர் கையூட்டுப் பெற்றுத் திறந்துவிடக்கூடும். வெளியாள் ஒருவர் பூட்டிச் சாவியைத் தம்முடன் வைத்திருக்க வேண்டும்."

இந்தத் தடவை யாரும் சுற்றிப் பார்க்கவில்லை. ஃப்ளோரா சாவியை நேராகக் கெங்கம்மாவிடம் கொடுத்தார். கை நீளச் சாவி, துருப்பிடித்தது. அவள் அதை எடை பார்ப்பதுபோலக் கையில் வைத்துப் பார்த்தாள்.

அமீருதீன் இரண்டு விதிகளையும் மனசுக்குள் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்தார். படிப்பு எட்டாவதுதான். ஆனாலும் புரிந்தது.

"சார். அக்கா இங்க இருக்கிற வரைக்கும் கதவத் தொறக்கக் கூடாது."

"ஆம்."

"அக்கா போயிட்டா சாவியும் போயிடும்."

திருமுருகன் புத்தகத்தில் பதினாலையும் பதினைந்தையும் மாறி மாறிப் பார்த்தார். எபினேசர் எட்டிப் பார்த்தார். ஃப்ளோரா எழுதுகோலை எடுத்துக் காத்திருந்தார். நீளமாக ஒரு லாரி ஹாரன் கேட்டு ஓய்ந்தது.

"நல்ல கேள்வி," என்றார் திருமுருகன். "அடுத்த கூட்டத்தில் பொருளாக வையுங்கள்."

"அடுத்த கூட்டம் எப்ப சார்?"

"அடுத்த சம்பள நாள்."

அமீருதீன் சிரிக்கிறாரா என்பதுபோல ஃப்ளோரா அவர் முகத்தைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. சுடலைராஜ் பின்னாலிருந்து அவர் முதுகில் கை வைத்தான். தள்ளவில்லை. வைத்தான், அவ்வளவுதான். "போ மாமு," என்று காதோரம் சொன்னான். "நீ போவலைன்னா அடுத்தது என்னைக் கேப்பாங்க. என் கார்டும் அதுலதான் கீது." அமீருதீன் உள்ளே போனார்.

திரும்பியபோது வாசலில் கெங்கம்மா மட்டும் நின்றாள். மற்றவர்கள் கூட்டக் குறிப்பில் கையெழுத்துப் போட நடந்துவிட்டார்கள். துரையின் டீ ஆறியிருக்கும்.

"அக்கா," என்றார். "யாருமில்லக்கா. கார்டு. நாலு மணிக்கு இன்னும் நேரம் கீது. உமைமா கவுண்டராண்ட நிக்குதுக்கா. நீயாச்சும் எடுத்துகினு போய்க் கட்டிடு. மிச்சமெல்லாம் உனக்குதான்."

கெங்கம்மா இரண்டு பக்கமும் நடையைப் பார்த்தாள். டப்பாவைத் திறந்தாள். கார்டை எடுத்தாள். பிளாஸ்திரியில் இருந்த பெயரைப் படித்தாள். அந்த ஒரு நிமிடம் அவள் முந்தாநாள் காலடிப்பேட்டையில் பாக்கு மென்றுகொண்டு கேட்ட அதே கெங்கம்மாவாக இருந்தாள். பிறகு மடித்து வைத்த ஆணையும் டப்பாவுக்குள் இருப்பது கண்ணில் பட்டது. முத்திரை மேலே தெரியும்படி மடித்திருந்தாள்.

"குடும்பத்தாருக்கும் தரக்கூடாதுன்னு போட்டுக்கீது பாய்," என்றாள். "நாளைக்கு யார்னா கேட்டா நான் இன்னா சொல்றது? எனக்கும் பயம் கீது இல்ல? மொத மொத கவர்மெண்டு என்னை நம்பிக் குட்த்துக்கீது."

கார்டை உள்ளே போட்டு டப்பாவை மூடினாள். இடுப்புச் சுருக்குப் பையை இறுக்கினாள். போனில் மணி பார்த்தாள். மூன்று பதினைந்து.

"நான் கெளம்பறேன். எண்ணூர்ல வசூல் கீது."

கதவு கனமாக இருந்தது. இரண்டு கையாலும் தள்ளினாள். வெளிச்சம் ஒரு கோடாக ஒடுங்கி, பித்தளை வில்லையில் ஒரு தடவை மின்னி, போனது. சாவி சுற்றவில்லை. எடுத்து, புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி போட்டுச் சுற்றினாள். பூட்டின் நாக்கு உள்ளே விழுந்தது. சாவியை உருவி இடுப்பில் செருகினாள். வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகிறவள்போலக் கைப்பிடியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.